தொடரும்

ஸ்ரீரங்கம் கோயிலில் தாயார் சன்னதிக்கு எதிரே ஒரு சின்ன மண்டபம் இருக்கிறது. கம்பர் மண்டபம் என்று பெயர். அதை நின்று பார்க்கிறவர்கள் குறைவு. தாயாரைச் சேவித்தோமா, பிரசாதம் வாங்கினோமா, நிழல் பார்த்து உட்கார்ந்தோமா என்று இருப்பவர்களே அதிகம். சென்ற புரட்டாசியில் ஒரு நாள் நானும் அந்த ரகத்தில் ஒருவனாக அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தொன்னையில் புளியோதரை இருந்தது.

அருகில் இரண்டு பெண்மணிகள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டையா எழுதிக் குடுத்துட்டா? அவளுக்கு என்ன பைத்தியமா?"

"அவ என்ன செய்வா பாவம்? எழுதினவனுக்குப் புத்தியில்லே. நேத்து வரைக்கும் அவளை அவ்வளவு கெட்டிக்காரியாக் காட்டிட்டு, இன்னிக்கு ஒரே நாள்லே முட்டாளாக்கினா யாரு ஒத்துப்பா?"

ஏதோ தொலைக்காட்சித் தொடர். எந்தத் தொடர் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்த இரண்டாவது அம்மாள் சொன்ன வார்த்தை என்னைச் சுருக்கென்று தைத்தது. நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். இருபது வருஷங்களாக விமரிசகர்கள் என்னைப் பற்றி எழுதியவற்றில் இத்தனை நறுக்காக ஒன்றும் இல்லை. பாத்திரம் தன் குணத்துக்கு ஒத்து நடக்க வேண்டும், நடக்காவிட்டால் குற்றம் பாத்திரத்தினுடையது அல்ல, எழுதினவனுடையது. காவிய இலக்கணம் முழுவதும் இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடும்.

புளியோதரையை முடித்துவிட்டு மண்டபத்தை நிமிர்ந்து பார்த்தேன். அதே இடத்தில், பல நூறு வருஷங்களுக்கு முன், இதே குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல ஒரு மனிதர் ஏடும் கையுமாக நின்றதாகச் சொல்கிறார்கள். அவர் பெயர் கம்பர்.

கதை தெரிந்ததுதான். கம்பர் தம் ராமாயணத்தை ஸ்ரீரங்கத்தில் அரங்கேற்ற வந்தார். இங்கே இருந்த பெரியவர்கள் சும்மா விடுவார்களா? தில்லை தீட்சிதர்களிடம் போய்ச் சம்மதம் வாங்கி வா என்றார்கள். நரஸ்துதி பண்ணினவர் நீர், முதலில் நம்மாழ்வாரைப் பாடு என்றார்கள். அதனால் சடகோபர் அந்தாதி பிறந்தது. எல்லாம் ஆன பிறகு, கதையின் நடுவே இரணியன் வதைப் படலம் வந்தது. வால்மீகியில் இல்லாத சங்கதி இது, ராமன் கதையில் நரசிம்மத்துக்கு என்ன வேலை என்று ஆட்சேபித்தார்கள். அப்போது மண்டபத்துக்கு எதிரே உயரத்தில் கோயில் கொண்டிருக்கும் மேட்டழகிய சிங்கர் தலையை அசைத்து ஆமோதித்தாராம். ஆட்சேபித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்களாம்.

காலக் கணக்கை வைத்துக்கொண்டு இந்தக் கதையை ஆராய்ந்தால் நிற்காது. ஒரு தனியன் கம்பர் அரங்கேற்றத்தைச் சகம் 807 என்கிறது, அதாவது கி.பி. 885. ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோர் கம்பரைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். இடையே இருநூறு முந்நூறு வருஷம் இடிக்கிறது. போகட்டும். சிங்கம் தலையசைத்ததா என்பது என் கவலை அல்ல. அப்படி ஒரு கதையை நம் ஜனங்கள் ஏன் உண்டாக்கி வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் என் கேள்வி. ஒரு கதையைச் சொல்லிவிட்டால் மட்டும் போதாது, கேட்டவர்கள் அபிப்பிராயம் சொல்ல வேண்டும், அதற்கு ஓர் இடம் வேண்டும், எழுதினவன் அங்கே வந்து நிற்க வேண்டும் என்ற எண்ணம் இந்த ஊரில் அத்தனை பழையது. அரங்கம் என்றால் ஆற்றிடைக் குறை என்று ஒரு பொருள். ஆடும் மேடை என்று இன்னொரு பொருள். திருவரங்கத்துக்கு இரண்டும் பொருந்துகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கம்பரின் சபையில் இருந்தவர்கள் யாருக்கும் கதை புதிது அல்ல. சீதையை ராவணன் தூக்கிப் போவான் என்று எல்லாருக்கும் தெரியும். "அப்புறம் என்ன ஆகும்?" என்று கேட்க அங்கே ஆள் இல்லை. "இவன் எப்படிச் சொல்லப் போகிறான்?" என்று கேட்கத்தான் கூடினார்கள். கதாகாலட்சேபத்துக்குப் போனவர்களும், கோயில் திடலில் விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்தவர்களும் இந்த வர்க்கத்தைச் சேர்ந்தவர்களே. மறு நாள் காலையில் காவேரிப் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டு நேற்றைப் பாஞ்சாலியைப் பற்றிப் பேசியவர்கள், சபதம் நிறைவேறுமா என்று பேசவில்லை. நேற்று வந்தவன் குரல் கம்மியிருந்ததே என்றுதான் பேசினார்கள்.

"அப்புறம் என்ன ஆகும்?" என்ற கேள்வியை நமக்குக் கற்றுக் கொடுத்தவை பத்திரிகைகள். வாரா வாரம் ஓர் அத்தியாயம், அதன் கடைசியில் "தொடரும்" என்று ஒரு வார்த்தை. அந்த ஒற்றை வார்த்தைக்கு இருந்த சக்தியைத் தமிழ்நாட்டில் கல்கியைப்போல் அறிந்தவர் இல்லை. அவருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் உறவு உண்டு. இங்கே தேசியக் கலாசாலை உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர், 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பை விட்டார். பிற்பாடு 1950 முதல் 1954 வரை மூன்றரை வருஷம் 'பொன்னியின் செல்வன்' வந்தபோது, தமிழ்க் குடும்பங்களில் முதலில் யார் படிப்பது என்பதே வாராந்தரச் சண்டையாக இருந்தது என்று என் பாட்டி சொல்லுவாள். எங்கள் வீட்டுப் பரணில் அந்த அத்தியாயங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டு புத்தகங்கள் ஐந்து இருந்தன. மணியம் போட்ட படங்களின் ஓரத்தில் பாட்டி பென்சிலால் சில குறிப்புகள் எழுதியிருந்தாள். நந்தினி படத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விக்குறி.

கதை முடிந்ததும் வாசகர்கள் விடவில்லை. இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார், இப்படிச் சட்டென்று முடிக்கலாமா என்று கேட்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதி, அந்தக் கேள்விகளை எடுத்து வைத்துக்கொண்டு பதில் சொன்னார். இதுவும் ஓர் அரங்கேற்றந்தான். சபை மட்டும் பெரிது.

சபை பெரிதானால் அபிப்பிராயத்துக்குப் பலம் கூடும். பலம் கூடினால் அது எப்போதும் நல்ல வழியில்தான் போகும் என்று சொல்வதற்கில்லை. ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் வளர்ந்த சுஜாதா 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்று குமுதத்தில் ஒரு தொடர் ஆரம்பித்தார். சில வாரங்களில் எதிர்ப்புக் கிளம்பி அது நின்றது. பிறகு 'ரத்தம் ஒரே நிறம்' என்று பெயர் மாறி வேறு விதமாக வந்தது. ஆற்றுக்கு அந்தக் கரையிலும் ஒரு சங்கதி உண்டு. திருச்சிக்காரரான எம். ஆர். ராதா 1954-ல் ராமாயணத்தைத் தலைகீழாகப் புரட்டி நாடகம் போட்டார். அந்த நாடகமும் ஓர் அபிப்பிராயந்தான். அதே வருஷத்தில் சென்னை ராஜ்யத்தில் நாடகங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டமே வந்தது. மேட்டழகிய சிங்கர் எல்லாருக்கும் தலையசைப்பதில்லை.

இனி வானொலிக்கு வருகிறேன். 1939-ஆம் வருஷம் மே மாதம் 16-ஆம் தேதி திருச்சி வானொலி நிலையம் பேச ஆரம்பித்தது. சென்னைக்கு மறு வருஷமே நமக்கும் நிலையம் கிடைத்துவிட்டது. அதே வருஷம் ஜூலை 8-ஆம் தேதி மதுரையில் வைத்தியநாத ஐயர் ஹரிஜனங்களையும் நாடார்களையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். இரண்டு தேதிகளையும் சேர்த்து யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் எனக்கு இரண்டும் ஒரே சங்கதியாகத் தோன்றுகிறது. கோயிலில் ஒரு குரல் எழுந்தால் அது எந்தத் தெரு வரை கேட்கலாம் என்று அதுவரை ஒரு கணக்கு இருந்தது. வானொலிக்கு அந்தக் கணக்குத் தெரியாது. பூங்காவில் ஒலிபெருக்கி வைத்தால், கீழே உட்கார்ந்திருப்பவன் எந்தத் தெருக்காரன் என்று அது கேட்காது. சென்னை ராஜ்யம் முழுவதற்குமாக ஆலயப் பிரவேசச் சட்டம் வர 1947 ஆயிற்று. கம்பர் மண்டபத்தின் அருகே அன்று நான் கண்ட இரண்டு பெண்மணிகளில் ஒருத்தியாவது, கம்பர் காலத்தில் அங்கே உட்கார்ந்திருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

வானொலி செய்ததைத் தொலைக்காட்சி செய்ததா என்றால், ஆரம்பத்தில் இல்லை. காரணம், வானொலிச் சத்தம் தெருவுக்கு வரும். படம் தெருவுக்கு வராது. படத்தைப் பார்க்க வீட்டுக்குள் போக வேண்டும். வீட்டுக்குள் போக யாராவது 'வா' என்று சொல்ல வேண்டும்.

சென்னையில் தூர்தர்ஷன் 1975-ல் வந்தது. நாடு முழுவதும் சேர்ந்து பார்த்த முதல் தொடர் 1984 ஜூலையில் தொடங்கிய 'ஹம் லோக்'. நூற்றைம்பத்தாறு பகுதி. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் கிழ நடிகர் அசோக் குமார் வந்து, இன்று நடந்ததைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்கிற பாவனையில் பேசுவார். ஜனங்கள் அதை மெய்யாகவே எடுத்துக்கொண்டு கடிதம் எழுதினார்கள், லட்சக்கணக்கில் எழுதினார்கள். அடுத்து, 1987 ஜனவரி 25-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ராமானந்த் சாகரின் 'ராமாயண்' ஆரம்பமாயிற்று.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சரித்திரம் ஒன்று வருகிறது. 1988-ல் ராமாயணத்தைப் பட்டாபிஷேகத்தோடு முடித்துவிடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. பஞ்சாபில் ஜலந்தர் நகரத்தில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வுக்கு அல்ல. கதை தொடர வேண்டும் என்பதற்கு! வேறு ஊர்களிலும் இது பரவியது. அவர்கள் வால்மீகியைத் தங்கள் குல முதல்வராகக் கொண்டாடுகிறவர்கள். உத்தர காண்டத்தில்தான் வால்மீகி தாமே கதைக்குள் வருகிறார். துரத்தப்பட்ட சீதைக்கு அடைக்கலம் தருகிறார். லவனையும் குசனையும் வளர்த்து ராமாயணத்தைப் பாடச் சொல்லிக் கொடுக்கிறார். அதை விட்டுவிட்டுக் கதை முடிந்தது என்றால், வீதியைக் கூட்டுகிறவன் எப்படிச் சம்மதிப்பான்? கடைசியில் சர்க்கார் இறங்கி வந்தது. உத்தர ராமாயணம் தனித் தொடராக வந்தது.

நம் கம்பரும் பட்டாபிஷேகத்தோடுதான் நிறுத்தினார். தமிழில் உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடினார் என்பது வழக்கு. கம்பர் சபையில் வால்மீகியில் இல்லாததை ஏன் சேர்த்தாய் என்று கேட்டார்கள். ஜலந்தரில் வால்மீகியில் இருப்பதை ஏன் விட்டாய் என்று கேட்டார்கள். கேள்வி கேட்டவர்களின் கையில் ஓர் இடத்தில் ஏடு இருந்தது, இன்னோர் இடத்தில் துடைப்பம் இருந்தது. இரண்டும் உயர்ந்த விமரிசனந்தான். ஆனால் எந்தச் சிங்கமும் தலையசைக்காமல் தம் பலத்திலேயே வென்றவர்கள் ஜலந்தர்காரர்கள்.

அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி நான் வெகு நாள் கழித்துத்தான் படித்தேன். படித்தபோது சந்தோஷத்தோடு வேறு ஒரு நினைவும் வந்தது. அதைச் சொல்லாமல் இந்தச் சரித்திரத்தை எழுதுவது நேர்மை ஆகாது.

1988 அக்டோபர் 2-ஆம் தேதி பி. ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' ஆரம்பித்தபோது எனக்கு எட்டு வயது. வடக்கு உத்தர வீதியில் எங்கள் வீட்டில் சாலிடேர் பெட்டி ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடம் நிரம்பிவிடும். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஹிந்தி தெரியாது. அதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. அடுத்த வீட்டில் பொன்மலை ரயில்வே தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர். இளமையில் வடக்கே ஜபல்பூரில் பல வருஷம் இருந்தவர். அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து உரக்க மொழிபெயர்ப்பார். அவர் மொழிபெயர்ப்பு வெறும் மொழிபெயர்ப்பு அல்ல. துரியோதனன் ஒரு வாக்கியம் பேசினால், இவர் அதைச் சொல்லி, "இந்தப் பயலுக்கு இடம் கொடுத்தது யார்? அந்தக் குருட்டுக் கிழம்!" என்று தம் தீர்ப்பையும் சேர்ப்பார். எது வசனம், எது தீர்ப்பு என்று எங்களுக்குத் தெரியாது. பின்னாளில் ஹிந்தி தெரிந்தவர்களோடு அந்தத் தொடரைப் பற்றிப் பேசியபோதுதான், நான் பார்த்த மகாபாரதம் வேறு எங்குமே ஒளிபரப்பாகவில்லை என்று புரிந்தது.

பாட்டிக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். அவளுக்குப் பாரதம் முழுவதும் தெரியும். "பீஷ்மருக்குத் தாடியை ஒட்டியிருக்கா பார், பஞ்சு மாதிரி. காது கிட்டே பசை தெரியறது" என்பாள். வசனம் எழுதினவர் ராஹி மாசூம் ரசா என்று தாத்தா ஒரு நாள் பேப்பரில் பார்த்துச் சொன்னார். கூடத்தில் ஒருவர், "துலுக்கரா பாரதம் எழுதறார்?" என்று இழுத்தார். பாட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நம்ம பெருமாளே துலுக்க நாச்சியாருக்காகத் தினம் ரொட்டி அமுது செய்யறார். அவருக்கே சம்மதம்னா உமக்கென்ன ஓய்?" என்றாள். அதற்கு மேல் அந்தக் கூடத்தில் அந்தப் பேச்சு எழவில்லை.

இத்தனை தாராளமான கூடத்தில் எல்லாருக்கும் இடம் இருந்ததா என்றால், இல்லை. தெருப்பக்கம் ஒரு ஜன்னல். ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் கம்பிகளுக்கு வெளியே நாலைந்து பையன்கள் நிற்பார்கள். எங்கள் தெருவுக்குத் துணி வெளுத்துக் கொடுத்தவரின் மகன் அவர்களில் ஒருவன். என் வயதுதான். கிட்டி விளையாடும்போது என் கட்சி. ஆனால் உள்ளே வா என்று யாரும் அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது என்றும் யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எட்டு வயது எனக்கும் தெரிந்திருந்தது. பெருமாள் வீட்டு ரொட்டியைப் பற்றிப் பேசிய என் பாட்டியும் அந்த ஜன்னலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரசகுமாரர்களின் ஆயுதப் பரீட்சை. கர்ணன் வந்து நிற்கிறான். வெயில் ஏறி ஜன்னல் வழியாகப் பெட்டியின் கண்ணாடியில் அடித்தது. படம் தெரியவில்லை என்று கூடத்தில் முணுமுணுப்பு. யாரோ "டேய், அந்த ஜன்னலைச் சாத்து" என்றார்கள். நான் எழுந்து போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் முகம் இருந்தது. சாத்தினேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். என் மனசில் ஒன்றுமே தோன்றவில்லை. அதைத்தான் இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வருஷங்கள் ஓடின. 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்தது. ஞாயிறு காலைக்காகக் காத்திருந்தது போய், தினமும் சாயங்காலம் கதை வந்தது. 1999 முதல் 2001 வரை ராதிகாவின் 'சித்தி' ஓடிய காலத்தில் இரவுச் சமையலின் நேரமே மாறிவிட்டது. 2002-ல் தொடங்கிய 'மெட்டி ஒலி'யின் ஐந்து பெண்களைப் பற்றி எங்கள் தெருப் பெண்கள் பேசியதைக் கேட்டால், அந்த ஐந்து பேரும் கீழச் சித்திரை வீதியில் குடியிருக்கிறார்கள் என்றே நினைக்கத் தோன்றும். 'அழுகைத் தொடர்' என்று அவற்றைக் கேலி செய்வது எங்களைப் போன்ற எழுத்தாளர்களுக்கு வழக்கம். நானும் செய்திருக்கிறேன். ஆனால் ஒன்றை மறந்துவிட்டுக் கேலி செய்தேன். மாமியார் கொடுமையைப் பற்றித் தன் வீட்டில் வாய் திறக்க முடியாத ஒரு பெண், தொடரில் வரும் மாமியாரைப் பற்றி வாசலில் நின்று உரக்கப் பேசலாம். அவளுடைய மாமியாரும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். இருவருக்கும் விஷயம் புரியும். சண்டை மட்டும் வராது. இந்தச் சேவையை எந்த நாவலும் அவர்களுக்குச் செய்ததில்லை, என்னுடையதும்தான்.

2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வழங்க ஆரம்பித்தது. தேர்தலுக்காகச் செய்தது, வீண் செலவு என்று படித்தவர்கள் பேசினார்கள். செலவுக் கணக்கு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். அதன் பிறகு எங்கள் ஊரில் எந்தக் குழந்தையும் அடுத்தவர் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று நான் பார்க்கவில்லை.

இன்றைக்கு நிலைமை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டது. 2022 ஜூன் மாதம் 'சுழல்' என்ற தமிழ்த் தொடர் இணையத்தில் வந்தது. எட்டுப் பகுதி, எட்டையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டார்கள். "தொடரும்" என்று போட வேண்டிய அவசியமே இல்லை. அவரவர் கையில் அவரவர் பெட்டி. ஒருவன் ஒரே ராத்திரியில் முடிக்கிறான். ஒருவன் மாதக் கணக்கில் இழுக்கிறான். முடித்தவன் வாய் திறந்தால் முடிக்காதவன், "ஐயையோ, கதையைச் சொல்லிவிடாதே!" என்று காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். மடியாக இருப்பவர்கள் மேலே பட்டுவிடாதே என்று ஒதுங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இதைப் பார்த்தால் அதுதான் ஞாபகம் வருகிறது. கம்பர் சபையில் யாராவது இப்படிக் காதைப் பொத்தியிருந்தால் ராமாயணம் அரங்கேறியிருக்குமா?

பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. 2020 மார்ச் 28 முதல், கொரோனா ஊரடங்கில், தூர்தர்ஷன் 'ராமாய'ணை மறுபடி ஒளிபரப்பியபோது நாடே சேர்ந்து பார்த்தது என்றார்கள். நானும் பார்த்தேன். பழைய கூடம் திரும்பி வரவில்லை. கதவுகள் எல்லாமே சாத்தியிருந்த நேரம் அது. சேர்ந்து பார்ப்பது என்பதைத்தான் நாம் இழந்தோம் என்று அப்போது ஒரு கட்டுரை எழுத ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினேன். 'சேர்ந்து' என்று எழுதும்போதெல்லாம் அந்த ஜன்னல் குறுக்கே வந்தது.

சென்ற புரட்டாசியில் அந்த மண்டபத்திலிருந்து எழுந்து வந்த அன்றுதான், தில்லைநகரில் ஒரு வேலையாகப் போன இடத்தில் அவனைப் பார்த்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சொந்தமாக இஸ்திரிக் கடை வைத்திருக்கிறான். மேஜை மேல் கைப்பேசியில் ஏதோ தொடர் ஓடிக்கொண்டிருந்தது. கை துணியில், காது போனில். பார்க்க முடியாது, கேட்க மட்டும்தான். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டு, பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு டீ வரவழைத்தான். பழங்கதை பேசினோம். மகாபாரதம் வந்தது; எப்படி வராமல் இருக்கும்?

"உங்க வீட்டு ஜன்னல்லே பாதிப் படந்தான் தெரியும்" என்றான். "வலது பக்கம் தூண் மறைக்கும். யாரு பேசறாங்கன்னு தெரியும், யார்கிட்டே பேசறாங்கன்னு தெரியாது. தாத்தா சொல்றது மட்டும் நல்லாக் கேட்கும். மிச்சத்தை நாங்களே வச்சுக்குவோம். சாயங்காலம் ஆத்து மணல்லே உட்கார்ந்து, அந்தப் பக்கம் யாரு நின்னிருப்பான்னு பேசித் தீர்ப்போம்."

ஆக, கூடத்துக்கு வெளியே இன்னொரு சபை இருந்திருக்கிறது. காவேரி மணலில் கூடிய சபை. அங்கேயும் ஒரு மகாபாரதம் அரங்கேறியிருக்கிறது, பாதி சோப்ராவுடையது, பாதி அவர்களுடையது. உள்ளே உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்த நான், எதையும் அப்படி உட்கார்ந்து பேசித் தீர்த்ததாக ஞாபகம் இல்லை.

டீயைக் குடித்து முடித்தபோது அவன் கேட்டான்:

"ஒண்ணு மட்டும் ரொம்ப நாளாக் கேட்கணும்னு. கர்ணன்கிட்டே உன் குலம் என்னன்னு கேட்டாங்க இல்லே? அந்த இடத்துலே ஜன்னலைச் சாத்திட்டீங்க. அவன் என்ன பதில் சொன்னான்?"

அவன் குரலில் குத்தல் இல்லை. கதை கேட்கும் ஆசைதான் இருந்தது. பிறகு எத்தனையோ தடவை அந்தக் கதை எத்தனையோ மேடையில் வந்திருக்கும். அவனுக்குத் தெரியாமல் இராது. ஆனாலும் என் வாயால் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தான் போலிருக்கிறது.

"ஒன்றும் சொல்லவில்லை" என்றேன். "வியாசர் கதைப்படி அவன் தலையைக் குனிந்துகொண்டான்."

அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தான்.

"எழுதினவரு சரியாத்தான் எழுதியிருக்காரு" என்றான்.